ஒரு நகரம் முழுக்க ஒரே நாவல்: அந்த வாசிப்பில் நீங்கள் இருந்திருக்கிறீர்களா?

லிஃபிக்கரை (டப்ளின்)

வணக்கம். 2011இல் செவிலியர் வேலைக்காக அயர்லாந்தின் டப்ளினுக்கு வந்தவள் நான். முதல் இரண்டு வருடம் மருத்துவமனை, வாடகை அறை, பேருந்து நிறுத்தம் தவிர இந்த ஊரில் எனக்கு வேறொன்றும் தெரியாது. 2013 ஏப்ரலில் ஒரு வாரத்துக்குள் மூன்று பேர் கையில் ஒரே புத்தகத்தைப் பார்த்தேன். பேருந்தில் எதிர் இருக்கையில் ஒரு பெண்மணி, எங்கள் மருத்துவமனையின் இரவுக் காவலர், என் வார்டில் படுத்திருந்த ஒரு தாத்தா. ஐந்நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும் தடித்த நாவல். "எல்லாருமே இதைப் படிக்கிறீர்களே, ஏன்?" என்று தாத்தாவிடம் கேட்டேன். "ஊரே படிக்கிறது. நீ இந்த ஊரில்தானே இருக்கிறாய்?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

டப்ளின் மாநகர நூலகங்கள் 2006இலிருந்து ஒவ்வோர் ஏப்ரலிலும் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து ஊரையே படிக்கச் சொல்கின்றன. நகரத்தோடு ஏதோ ஓர் ஒட்டுறவு உள்ள புத்தகமாக இருக்கும். 2009இல் டிராகுலா, ஏனென்றால் பிராம் ஸ்டோக்கர் டப்ளின்காரர். 2012இல் ஜேம்ஸ் ஜாய்ஸின் டப்ளினர்ஸ். 2013இல் ஜேம்ஸ் பிளங்கெட் எழுதிய 'ஸ்ட்ரம்பெட் சிட்டி'. 1913இல் இங்கே நடந்த பெரிய கதவடைப்புக்கு அது நூறாவது வருடம். தொழிற்சங்கத் தலைவர் ஜிம் லார்கினின் சங்கத்தில் இருக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் வேலை என்று முதலாளிகள் சொல்லிவிட்டார்கள். டிராம் கம்பெனி முதலாளி வில்லியம் மார்ட்டின் மர்ஃபிதான் அவர்களுக்குத் தலைமை. ஏறத்தாழ 20,000 தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். ஆகஸ்டில் தொடங்கி அடுத்த வருடத் தொடக்கம் வரை பட்டினி.

நாவல் லார்கினை நாயகனாக்கவில்லை. சாண்ட்லர்ஸ் கோர்ட் என்ற இற்றுப்போன குடியிருப்பும் அதில் ஒண்டிக் கிடக்கும் குடும்பங்களும்தான் கதை. நிலவறையில் தன் நாயோடு வாழும் ராஷர்ஸ் டியர்னி என்ற தகரக்குழல் வாசிக்கும் பிச்சைக்காரரை மறக்கவே முடியாது. பிளங்கெட் லார்கினின் சங்கத்திலேயே வேலை பார்த்தவர் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் ஒரு மாலை பதினெட்டுப் பேர் உட்கார்ந்தோம். பேச்சு ஓர் இடத்தில் வந்து நின்றது. பட்டினி கிடக்கும் தொழிலாளர்களின் பிள்ளைகளைக் கொஞ்ச நாள் இங்கிலாந்தில் தொழிலாளர் வீடுகளுக்கு அனுப்பிச் சாப்பாடு போடலாம் என்று ஓர் ஏற்பாடு நடந்தது. வரலாற்றில் உண்மையாகவே நடந்தது அது. பிள்ளைகள் கத்தோலிக்க விசுவாசத்தை இழந்துவிடுவார்கள் என்று பாதிரியார்கள் துறைமுகத்தில் போய்த் தடுத்தார்கள். நாவலில் ஃபாதர் ஓகானர் அதைச் செய்கிறார். ஒரு பெரியவர் எழுந்து, "அப்போது என் அம்மாவுக்கு எட்டு வயது. கப்பல்வரை போய்த் திரும்பி வந்தவள். சாகும்வரை அந்தப் பசியைப் பற்றிப் பேசினாள்" என்றார். எதிரே இருந்த அம்மா ஒருவர் விடவில்லை. "பாதிரியாரை விடுங்கள். முன்பின் தெரியாத வீட்டுக்கு, கடல் தாண்டி, உங்கள் பிள்ளையை நீங்கள் அனுப்புவீர்களா?" என்று கேட்டார்.

நான் அதுவரை வாய் திறக்கவில்லை. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. நாகர்கோவிலில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அதைச் சொன்னேன். அதற்குமேல் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. ஆனால் இரண்டு வருடத்தில் டப்ளினில் வேலையைத் தவிர வேறொன்றைப் பற்றி நான் பேசிய முதல் மாலை அது.

இப்போது என் கேள்வி. இப்படி ஒரு நகரமே ஒரு நாவலைப் படிக்கும் ஏற்பாட்டில் உங்களில் யாராவது இருந்திருக்கிறீர்களா? அது எங்கே பலிக்கிறது, எங்கே வெறும் விழாவாகப் போய்விடுகிறது?

---

பழையபுத்தகம்

அக்கா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன்.

வாசிப்பு தனியாகச் செய்கிற காரியம். எனக்கு எந்தப் புத்தகம் எப்போது தேவை என்பது எனக்குத்தான் தெரியும். மாநகராட்சி ஒரு புத்தகத்தைக் காட்டி "இந்த மாதம் இது" என்று சொல்வது, நல்ல எண்ணத்தோடே சொன்னாலும், எனக்கு உறுத்துகிறது. அமெரிக்க விமர்சகர் ஹெரால்ட் ப்ளூமும் இதைக் கடுமையாக எதிர்த்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பிப் போய்க் கோழி நகெட்ஸ் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றார். கடுமையான பேச்சுதான். ஆனால் அதன் அடியில் இருக்கும் கவலை நியாயமானது. ஊருக்கே பொதுவான புத்தகம் என்று தேடினால், யாரையும் தொந்தரவு செய்யாத புத்தகத்தில்தானே போய் நிற்கும்? நல்ல இலக்கியம் தொந்தரவு செய்யும்.

இன்னொன்று. இதில் விற்பனை யாருக்கு? ஒரே தலைப்பு ஆயிரக்கணக்கில் போகும்போது அதே வருடம் வந்த மற்ற நல்ல நாவல்கள் அலமாரியில் தூங்கும்.

---

மழைநகரம் (சியாட்டில்)

பழையபுத்தகம் சார், இந்த வழக்கத்தின் தொடக்கத்தைப் பார்த்தால் உங்கள் முதல் கவலைக்குப் பதில் இருக்கிறது. நான் இருக்கும் ஊரில்தான் இது ஆரம்பித்தது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1998. சியாட்டில் பொது நூலகத்தில் வாஷிங்டன் நூல் மையம் என்று ஒரு பிரிவு. அதன் பொறுப்பில் இருந்தவர் நான்சி பெர்ல். சியாட்டில் முழுக்க ஒரே புத்தகத்தைப் படித்தால் எப்படி இருக்கும் என்ற கேள்வியையே திட்டத்துக்குப் பெயராக வைத்தார். (2003இல் பொம்மைக் கம்பெனி ஒன்று வாயில் விரல் வைத்து அதட்டும் நூலகர் பொம்மை ஒன்றை விற்றது. அது இவரைப் பார்த்துச் செய்ததுதான்.) முதல் புத்தகம் ரஸ்ஸல் பேங்க்ஸின் 'தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்'.

யாரையும் தொந்தரவு செய்யாத புத்தகமா அது? ஒரு சின்ன ஊரில் பள்ளிப் பேருந்து பனியில் சறுக்கி, தண்ணீர் நிறைந்த குழிக்குள் விழுகிறது. குழந்தைகள் சாகிறார்கள். கதையை நான்கு பேர் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். பேருந்து ஓட்டிய பெண், பிள்ளைகளைப் பறிகொடுத்த ஓர் அப்பா, வழக்குப் போட வரும் வக்கீல், பிழைத்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஒரு சிறுமி. யார் மேல் குற்றம் என்று கடைசிவரை ஆசிரியர் தீர்த்துச் சொல்வதில்லை. வக்கீல் சொல்வதைப் படிக்கும்போது வக்கீல் பக்கம் சாய்வோம். சிறுமி பேச ஆரம்பித்ததும் அது சரிந்துவிடும். அப்பாவுடைய பகுதியை நான் ஒரே மூச்சில் படிக்க முடியாமல் நடுவில் மூடி வைத்தேன்.

ஊர் வாசிப்புக்கு என்ன மாதிரி நாவல் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பத்துப் பேர் படித்தால் பத்துப் பேரும் ஒரே இடத்தில் வந்து சேரக் கூடாது. அறிவுரை சொல்லி முடியும் நாவலை வைத்துக்கொண்டு கூட்டத்தில் என்ன பேச முடியும்? "ஆமாம், உண்மைதான்" என்று தலையாட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

பெர்ல் இன்னொன்றிலும் உறுதியாக இருந்தார். இது நூலகத் திட்டம், குடிமைப் பாடம் இல்லை, இன வேற்றுமையை இலக்கியத்தால் குணப்படுத்தும் சிகிச்சையும் இல்லை என்றார். ஒரு நல்ல நாவலைச் சேர்ந்து படித்துப் பேசுவது, அவ்வளவுதான் நோக்கம். மற்ற ஊர்கள் இதை எடுத்துக்கொண்டபோது பல இடத்தில் அந்த அடக்கம் போய்விட்டது என்பது என் வருத்தம்.

---

புதுவரவு_22

சிகாகோவில்தான் முதலில் நடந்தது என்று நினைத்திருந்தேன்!

---

ஏரிக்காற்று (சிகாகோ)

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உலகம் முழுக்கப் பேசவைத்தது சிகாகோ என்பதால் வந்த குழப்பம். இங்கே 2001 இலையுதிர் காலத்தில் தொடங்கியது. மேயர் ரிச்சர்ட் டேலியே முன்னால் நின்று அறிவித்தார். புத்தகம் ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. நான் அப்போது இங்கே முதுகலை மாணவன்.

இரண்டு விஷயம் நினைவில் இருக்கிறது. ஒன்று, சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சின்ன வில்லை. அதைக் குத்தியிருந்தால் "நான் படித்துக்கொண்டிருக்கிறேன், என்னிடம் பேசலாம்" என்று அர்த்தம். ரயிலில் முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுப்பது இந்த ஊர் வழக்கம் இல்லை. அந்த வில்லை அதற்கு ஓர் அனுமதி கொடுத்தது. இரண்டு, ஸ்பானிஷ் பிரதியும் போலிஷ் பிரதியும் நூலகத்தில் கிடைத்தன. இங்கே போலந்துக்காரர்கள் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். ஆங்கிலம் தடுமாறும் அம்மாவும் பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகனும் வேறு வேறு மொழியில் ஒரே கதையைப் படிக்கலாம்.

அந்த வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே செப்டம்பர் 11 வந்தது. முகத்தைப் பார்த்து ஆளைச் சந்தேகப்படும் நாட்கள். அப்போது நான் தாடி வைத்திருந்தேன், என்ன பார்வைகள் வந்தன என்று சொல்லத் தேவையில்லை. முகத்தை வைத்தே ஒரு மனிதன் மேல் தீர்ப்பெழுதும் கதையை அந்த மாதத்தில் படித்தது வேறு மாதிரி இருந்தது.

தெற்குப் பகுதியில் ஒரு கிளை நூலகத்துக்கு நண்பனோடு போனேன். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின மக்கள். நாவலில் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் டாம் ராபின்சனுக்காக வாதாடும் வெள்ளைக்கார வக்கீல் அட்டிகஸ் ஃபின்ச்சை எல்லாரும் புகழப்போகிறார்கள் என்று எதிர்பார்த்தேன். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் அம்மா ஒருவர் மட்டும், "டாம் ராபின்சன் செத்த செய்தியைச் சொல்ல வக்கீல் அவன் வீட்டுக்குப் போகிறாரே, அவன் பெண்டாட்டி ஹெலன் மண்ணில் சரிகிறாளே, அதைக்கூட ஒரு வெள்ளைக்காரப் பையன் பார்த்துச் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. புத்தகம் அவள் வாசலோடு நின்றுவிடுகிறது. அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றார். நான் அந்த நாவலைப் பள்ளியில் ஒரு தடவை, இங்கே ஒரு தடவை படித்திருந்தேன். அந்த வாசலை ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை.

பழையபுத்தகம் அண்ணா, தனியாகப் படிப்பது எனக்கும் உயிர். ஆனால் அந்த வாசலை எனக்குக் காட்ட அந்த அம்மா வேண்டியிருந்தது.

---

பழையபுத்தகம்

நல்ல உதாரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நியூயார்க்கில் என்ன ஆயிற்று என்பதையும் யாராவது எழுதுங்கள்.

---

குவீன்ஸ்_வாசல்

எழுதுகிறேன். எங்கள் ஊரின் சோகக் கதை அது.

சிகாகோவைப் பார்த்து 2002இல் நியூயார்க்கும் இறங்கியது. நூலகர்கள், புத்தகக் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு குழு. இரண்டு புத்தகங்களில் வந்து முட்டி நின்றார்கள். ஒன்று சாங்-ரே லீயின் 'நேட்டிவ் ஸ்பீக்கர்', நியூயார்க்கில் வாழும் கொரிய அமெரிக்கர் ஒருவரின் கதை. இன்னொன்று ஜேம்ஸ் மெக்பிரைட் தன் வெள்ளை யூத அம்மாவைப் பற்றி எழுதிய 'தி கலர் ஆஃப் வாட்டர்'. முதலாவது ஆசிய அமெரிக்கர்களைப் புண்படுத்துமோ என்று சிலருக்குப் பயம். இரண்டாவது ஹசீதிய யூதர்களை (தீவிர மரபுவழி யூதர்கள்) புண்படுத்துமோ என்று வேறு சிலருக்குப் பயம். கடைசியில் குழு உடைந்தது, ஊர் எதையும் சேர்ந்து படிக்கவில்லை.

எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. புண்படுமோ என்று யாருக்காகப் பயந்தார்களோ அவர்களிடம் புத்தகத்தைக் கொடுத்துப் பேசவிட்டிருக்கலாம். நேட்டிவ் ஸ்பீக்கரில் வரும் அரசியல்வாதி நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிக்காரர். அந்தத் தெருக்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல எவ்வளவு இருந்திருக்கும்!

2017இல் வேறு வழியில் வந்தார்கள். ஐந்து புத்தகங்களை முன்னால் வைத்து மக்களை ஓட்டுப் போடச் சொன்னார்கள். சிமமாண்டா ங்கோசி அடிச்சியின் 'அமெரிக்கானா' வென்றது. குழுச் சண்டைக்கு ஓட்டுப் பெட்டி ஒரு விடைதான். ஆனால் என் மனதில் அந்த 2002 தான் நிற்கிறது.

---

நூலட்டை

கனடாவில் ஒரு சின்ன ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மேடைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான ஊர்களில் இந்தத் திட்டம் விழுவது அங்கேதான்.

எங்கள் முதல் வருடம் நல்ல நாவல், நல்ல விளம்பரம். நூலகத்தில் பன்னிரண்டு பிரதி. காத்திருப்புப் பட்டியல் நூறைத் தாண்டியது. கடைசி ஆள் கைக்குப் புத்தகம் போனபோது எழுத்தாளர் வந்து பேசிவிட்டுப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மக்கள் கோபப்படவில்லை, அமைதியாக விலகிவிட்டார்கள். அதுதான் எனக்கு அதிக வலி.

அதிலிருந்து தெரிந்துகொண்டோம். தேர்வு ஒரு வருடம் முன்பே முடிய வேண்டும். அச்சில் இல்லாத புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தால் மறுபதிப்புக்குப் பதிப்பகத்தோடு அதற்கு முன்பே பேச வேண்டும். பெரிய எழுத்துப் பிரதி வேண்டும், ஒலிப்புத்தகம் வேண்டும். மின்நூலில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாசகர்கள் நினைப்பது போல அது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திறக்காது. வழக்கமான உரிமத்தில் ஒரு மின்பிரதியை ஒரு சமயத்தில் ஒருவர்தான் இரவல் எடுக்க முடியும். ஊர் வாசிப்புக்கென்று எத்தனை பேரும் ஒரே சமயத்தில் எடுக்கும் உரிமத்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம் கூட்டம் நடத்துபவர். "புத்தகம் பிடித்ததா?" என்று ஆரம்பித்தால் அந்தக் கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது. "எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். முழுக்கப் படிக்காதவர்கூடப் பேசுவார். பாதியில் நின்றவர்களைக் கூச்சப்படாமல் வரச்சொல்வது ரொம்ப முக்கியம்.

பழையபுத்தகம் சாருக்கு உதவுகிற ஒரு தகவலும் சொல்ல வேண்டும், மறைப்பது சரியில்லை. டேனியல் ஃபுல்லர், டிநெல் ரேபெர்க் சேடோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றிலும் இந்த நிகழ்ச்சிகளைப் பல வருடம் பின்தொடர்ந்து 2013இல் புத்தகமாக எழுதினார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வாசிக்கிறவர்கள், அதிலும் பெண்கள் அதிகம். வாசிக்காதவரை வாசகராக்கும் மந்திரம் இதில் இல்லை. அமெரிக்க அரசின் கலை நிதியம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில், இலக்கியம் படிக்கும் பெரியவர்கள் 1982இல் 56.9 சதவீதம், 2002இல் 46.7 சதவீதம் என்று வந்தது. அந்த அதிர்ச்சியில் 2006இல் 'பிக் ரீட்' என்ற பெரிய திட்டத்தைத் தொடங்கி ஊர்களுக்கு நிதி கொடுத்தார்கள். சரிந்த எண்ணைத் தூக்கி நிறுத்தும் பாரத்தை ஒரு மாத வாசிப்பின் தலையில் வைப்பது நியாயம் இல்லை என்பது என் எண்ணம். ஏற்கெனவே படிக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் சந்திப்பதே எங்கள் ஊரில் பெரிய விஷயம். குளிர்காலத்தில் யாரும் யாரையும் பார்ப்பதே இல்லை.

---

பிடோக் வாசகர் (சிங்கப்பூர்)

எங்கள் ஊரில் இது இன்னொரு வடிவம் எடுத்தது. தேசிய நூலக வாரியம் 2005இல் 'ரீட் சிங்கப்பூர்' தொடங்கியபோது நான்கு மொழிகளிலும் புத்தகம் தேர்ந்தெடுத்தார்கள். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ். டாக்சி ஓட்டுநர்களுக்குத் தனி வாசிப்புக் குழுக்கள்கூட இருந்தன. அது எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அவர்கள் காத்திருக்கும் நேரத்தில் படிக்கிறவர்கள்.

தமிழுக்கும் சம இடம் இருந்ததில் அப்போது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. ஆனால் ஒரு குறை மனதில் தங்கிவிட்டது. நான் தமிழ்க் கூட்டத்துக்குப் போவேன். என் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி அவர் மொழிக் கூட்டத்துக்குப் போவார். இருவரும் மின்தூக்கியில் பார்த்துக்கொண்டால் சிரிப்போம், புத்தகத்தைப் பற்றிப் பேச வழி இல்லை. சிகாகோ நண்பர் சொன்ன போலிஷ் பிரதி விஷயம் அதனால்தான் என்னைத் தொட்டது. ஒரே கதை, வேறு வேறு மொழி. அதற்கு மொழிபெயர்ப்பில் பணம் போட வேண்டும், பல வருடம் முன்பே தொடங்க வேண்டும். ஒரு தமிழ்க் கதையைச் சீனப் பாட்டி படிக்கிற நாளுக்கு நான் என்ன வேலை வேண்டுமானாலும் செய்யத் தயார்.

---

புதுவரவு_22

அப்படியானால் தமிழ்நாட்டில் மதுரைக்கோ கோவைக்கோ எந்த நாவல் சரியாக இருக்கும்? என் பட்டியலைப் போடட்டுமா?

---

நெறியாளர்

அந்தப் பேச்சுக்குத் தனி இழை தொடங்குங்கள், கட்டாயம் நிறையப் பேர் வருவார்கள். இங்கே ஏற்கெனவே நடந்த நகர வாசிப்புகளைப் பற்றி மட்டும் தொடர்வோம். கதை முடிவுகளை எழுதுகிறவர்கள் முன்கூட்டி ஒரு வரி எச்சரிக்கை போட்டுவிடுங்கள்.

---

டானூப்_நடை

வியன்னாவைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. இங்கே 2002இலிருந்து நடக்கிறது. நவம்பரில் ஒரு புத்தகத்தை 1,00,000 பிரதி அச்சிட்டு இலவசமாகவே கொடுத்துவிடுவார்கள். முதல் வருடப் புத்தகம் ஃபிரடெரிக் மார்ட்டனுடையது, வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தின் கதை. மார்ட்டன் இந்த ஊரில் பிறந்தவர். நாஜிகள் வந்ததும் பையனாக இருக்கும்போதே குடும்பத்தோடு ஓட வேண்டியிருந்தது, அமெரிக்காவில் ஆங்கில எழுத்தாளரானார். துரத்திய ஊர் அறுபது வருடம் கழித்து அவர் நாவலை ஒரு லட்சம் வீடுகளுக்குக் கொடுத்தது. பழையபுத்தகம் சார், ஊர் தேர்ந்தெடுக்கும் புத்தகம் மழுங்கலாகத்தான் இருக்கும் என்ற உங்கள் பேச்சுக்கு இது என் பதில்.

---

பழையபுத்தகம்

பதில் வலுவாக இருக்கிறது. மழுங்கலாகத்தான் இருக்கும் என்றது தவறு, திரும்பப் பெறுகிறேன். நியூயார்க்கில் 2002இல் நடந்ததுதான் நான் பயந்தது. அது தவிர்க்க முடியாதது இல்லை என்று புரிகிறது.

ஆனால் இலவசமாகக் கொடுத்த ஒரு லட்சமும் ஒரு லட்சம் வாசிப்பு ஆகிவிடாது. நூலட்டை அம்மா சொன்ன கூட்டம் நடத்துபவர்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறார். என் சுபாவத்துக்கு அந்த அறைக்கு நான் வருவேனா தெரியவில்லை. பத்துப் பேர் முன்னால் புத்தகத்தைப் பற்றிப் பேசினால் எனக்குள் இருக்கும் புத்தகம் கலைந்துவிடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது.

லிஃபிக்கரை அக்கா, அந்த மாலைக்கு அப்புறம் என்ன ஆயிற்று?

---

லிஃபிக்கரை (டப்ளின்)

எல்லாருக்கும் நன்றி. வேலை முடிந்து வந்து இரண்டு தடவை முழுக்கப் படித்தேன். ஹெலன் வாசல் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

(கதை முடிவு வருகிறது, வேண்டாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

அந்த ஏப்ரலில் நான்கு கூட்டம். கடைசிக் கூட்டத்தில் ராஷர்ஸின் சாவைப் பற்றிப் பேசினோம். நிலவறையில் யாருக்கும் தெரியாமல் செத்து, உடலை எலிகள் கடித்த பிறகுதான் ஊருக்குத் தெரிகிறது. தொழிலாளி ஃபிட்ஸ் வேலை கிடைக்காமல் ராணுவத்தில் சேர்ந்து கப்பலேறிவிடுகிறான். இவ்வளவு போராடி எஞ்சியது இதுதானா என்று ஓர் இளைஞன் கோபப்பட்டான். பிளங்கெட் ஏன் ஒரு வெற்றியைக்கூடக் கொடுக்கவில்லை என்று கேட்டான். முதல் கூட்டத்தில் தன் அம்மாவைப் பற்றிப் பேசிய பெரியவர்தான் பதில் சொன்னார். "1913இல் பட்டினியால் சங்கம் தோற்றது உண்மை, ஆனால் நான் வேலைக்குப் போனபோது சங்க அட்டை வைத்திருந்ததற்காக என்னை யாரும் வெளியே அனுப்பவில்லை, அதை நாவலில் தேடாதே, என் பையில் தேடு" என்றார். இளைஞன் சமாதானமாகவில்லை. நானும் முழுக்கச் சமாதானமாகவில்லை. வெளியே மழை, பேருந்து வரும்வரை நிறுத்தத்தில் நின்று மூவரும் அதையே பேசினோம்.

அந்தப் பெரியவரோடு பழக்கம் தொடர்ந்தது. 2018இல் ஹென்ரியட்டா தெருவில் 14ஆம் எண் வீட்டை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பணக்காரர்களுக்காகக் கட்டிய மாளிகை, 1911இல் அதே வீட்டில் 17 குடும்பம், 100 பேர். கதவடைப்புச் சமயத்தில் இந்த நகரத்தில் 20,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒற்றை அறையில் வாழ்ந்தன. எண்ணாகப் படித்தால் ஒன்றும் தெரியாது. அவர் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "சாண்ட்லர்ஸ் கோர்ட் வாசனை இங்கே இல்லை, மற்றதெல்லாம் இருக்கிறது" என்றார். என் மகளும் கூட வந்திருந்தாள். 2014இல் அவளை அழைத்துக்கொண்டேன். இந்த ஊரில் எனக்கும் ஓர் இடம் உண்டு என்று தோன்றிய பிறகு எடுத்த முடிவு அது.

பலிப்பது எங்கே என்று நான்தான் கேட்டேன், இப்போது என் பதிலையும் சொல்கிறேன். புத்தகம் ஊரைப் புகழக் கூடாது. ஊர் வெட்கப்படும் ஓரிடத்தைத் தொட வேண்டும். அதைப் பற்றிப் பேச, உள்ளூர்க்காரருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே மாதிரி நாற்காலி போட வேண்டும். ஸ்ட்ரம்பெட் சிட்டி டப்ளினை ஒரு வரிகூடப் புகழவில்லை. அதனால்தான் நாகர்கோவில்காரி ஒருத்திக்கு அதில் பேச இடம் கிடைத்தது.

---

பழையபுத்தகம்

அறைக்கு வருவதைப் பற்றி யோசிக்கிறேன் அக்கா. புத்தகத்தைப் படிக்காமல் இனி இருக்க முடியாது. சென்னையில் இரண்டு கடையில் கேட்டுவிட்டேன், இல்லை என்கிறார்கள்.

---

லிஃபிக்கரை (டப்ளின்)

தம்பி, தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள். வார்டில் படுத்திருந்த அந்தத் தாத்தா வீட்டுக்குப் போகும்போது தன் பிரதியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார், என் மகளுக்கு இன்னொன்று வாங்கியதால் வீட்டில் இரண்டு இருக்கிறது. ஜூலையில் ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன். ஓரங்களில் பென்சில் கோடு நிறைய இருக்கும். துறைமுகக் காட்சிக்குப் பக்கத்தில் இரண்டு கையெழுத்து இருக்கும். கீழே இருப்பதுதான் என்னுடையது.